மாட்டுக் காசநோய்: ஆய்வகப் பரிசோதனை பற்றி மதுரை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறவை மாடு வைத்திருப்பவர்கள், கால்நடை மருந்தகங்களில் வேலை செய்பவர்கள், ஆய்வகத்தில் ஸ்லைடு பார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். இந்த நோயில் ஆய்வகம் தரும் பதில் பெரும்பாலும் மாதிரி எடுத்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. தவறாக எடுத்த மாதிரியை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. அதனால் மாதிரி எடுப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறோம்.

மாடு ரெண்டு மாசமா இளைச்சுக்கிட்டே வருது, இருமலும் இருக்கு. டிபி-யா இருக்குமா?

இருக்கலாம். ஆனால் பார்த்தவுடன் சொல்ல முடியாது. தீனி எடுத்தும் உடம்பு தேறாமல் போவது, விடியற்காலையிலும் கொஞ்ச தூரம் நடந்தபிறகும் வரும் வறட்டு இருமல், தொண்டைப் பக்கம் கட்டி, விட்டுவிட்டு வரும் லேசான காய்ச்சல் ஆகியவை காசநோயில் வரும். தட்டைப்புழு, உண்ணி பரப்பும் தைலீரியா, நாள்பட்ட கழிச்சல் தரும் ஜோனீஸ் நோய், ஆணியோ கம்பியோ விழுங்கியது என்று வேறு காரணங்களாலும் மாடு இப்படி இளைக்கும். அதைவிட முக்கியமான விஷயம், நோய் தொற்றிய மாடுகளில் பல கொழுகொழுவென்று நின்று முழுப் பால் கறக்கும். அறிகுறி தெரியும் வரை காத்திருந்தால், அதற்குள் அதே தொழுவத்தில் பக்கத்துக் கட்டுத்தறி மாட்டுக்கும் கன்றுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மனுஷனுக்கு வர்ற டிபி-யும் இதுவும் ஒண்ணா?

ஒரே குடும்பத்துக் கிருமிகள். மனிதர்களுக்குப் பெரும்பாலும் வருவது மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ். மாட்டில் உலகெங்கும் பேர்போனது மைக்கோபாக்டீரியம் போவிஸ். இரண்டும் வேறுவேறு என்று தியோபால்ட் ஸ்மித் 1898-இல் எடுத்துக் காட்டினார். இந்திய மாடுகளில் மூன்றாவதாக மைக்கோபாக்டீரியம் ஒரிஜிஸ் என்ற உறுப்பினரும் காணப்படுகிறது. இதை மறந்துவிட்டுப் போவிஸை மட்டும் தேடும் பரிசோதனையை நம்பினால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று பதில் வரும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறோம்.

உயிரோட இருக்கிற மாட்டுக்கு முதல்ல எந்த டெஸ்ட்?

டியூபர்குலின் தோல் பரிசோதனைதான். 1890-இல் ராபர்ட் கோக் உருவாக்கிய டியூபர்குலினிலிருந்து வந்த முறை. இன்று பயன்படுவது அதன் சுத்திகரித்த வடிவமான பிபிடி. நம் நாட்டில் இதை இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கிறது. மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, வெயில் படக் கூடாது. சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன குப்பியை நம்பாதீர்கள்.

மாட்டை ட்ராவிஸில் (மாடு அசையாமல் நிறுத்தும் சட்டம்) நிறுத்தி, தலையை அசையாமல் கட்டுங்கள். கழுத்தின் நடுப்பகுதியில் முடியை நன்றாக வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் பழைய காயம், உண்ணிக் கடித் தடிப்பு, கட்டி இருக்கக் கூடாது. தோலை மடித்துப் பிடித்து காலிப்பரால் அளந்து உடனே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போவைன் (மாட்டுக் கிருமி) பிபிடி 0.1 மி.லி., அதாவது 2,000 சர்வதேச அலகுக்குக் குறையாமல், தோலுக்குள் போடுங்கள். ஊசியைச் சாய்த்துச் செருக வேண்டும். சரியாகப் போட்டிருந்தால் விரலுக்குப் பட்டாணி அளவில் ஒரு முண்டு தட்டுப்படும். முண்டு இல்லையென்றால் மருந்து தோலுக்குக் கீழே போய்விட்டது. அந்த ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டவர் விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த மாட்டுக்குப் போவதுதான் நாங்கள் அதிகம் திருத்த வேண்டியிருக்கும் பிழை.

72 மணி நேரம் கழித்து, முதலில் அளந்த அதே ஆள், அதே காலிப்பரால் மறுபடி அளக்க வேண்டும். ஒருவர் அழுத்திப் பிடிப்பார், இன்னொருவர் லேசாகப் பிடிப்பார். அதிலேயே 1 மி.மீ. போய்விடும்.

ஒரே ஊசியா, ரெண்டு ஊசியா?

எங்கள் பரிந்துரை இரண்டு ஊசி. மண்ணிலும் கண்மாய்த் தண்ணீரிலும் வாழும் சாதாரண மைக்கோபாக்டீரியாக்களும், ஜோனீஸ் நோய்க் கிருமியும் மாட்டின் உடம்பைப் பழக்கப்படுத்திவிடுகின்றன. அப்படிப்பட்ட மாடு, காசநோய் இல்லாமலேயே போவைன் பிபிடிக்கு வீங்கும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் பக்கத்திலேயே ஏவியன் (பறவைக் கிருமி) பிபிடியும், 2,500 அலகு அளவில், 0.1 மி.லி. போடுகிறோம். ஏவியன் ஊசி கழுத்தின் மேல் விளிம்பிலிருந்து சுமார் 10 செ.மீ. கீழே. போவைன் ஊசி அதிலிருந்து 12.5 செ.மீ. கீழே, தோள்பட்டைக் கோட்டுக்கு இணையாக. கன்றுக்குட்டியில் அவ்வளவு இடம் கிடைக்காது. அதற்குக் கழுத்தின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

ஒற்றை ஊசியில் கணக்கு இப்படி: தடிப்பு 2 மி.மீ. வரை கூடி, வலி, நீர்க்கோப்பு, கசிவு, தோல் கருகல் எதுவும் இல்லையென்றால் நெகட்டிவ். 2-க்கு மேல் 4-க்குள் என்றால் சந்தேகம். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல், அல்லது இந்த அறிகுறிகளில் ஏதாவது ஒன்று இருந்தால் பாசிட்டிவ். இரண்டு ஊசியில், போவைன் தடிப்பு ஏவியன் தடிப்பைவிட 4 மி.மீ.-க்கு மேல் அதிகமிருந்தால் பாசிட்டிவ். 1 முதல் 4 வரை அதிகமிருந்தால் சந்தேகம். சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நெகட்டிவ்.

உதாரணத்துக்கு இரண்டு மாடுகள். முதல் மாட்டில் ஏவியன் இடம் 7-இலிருந்து 9, போவைன் இடம் 7-இலிருந்து 14. கூடியது 2, 7. வித்தியாசம் 5. பாசிட்டிவ். இரண்டாவது மாட்டில் ஏவியன் 8-இலிருந்து 13, போவைன் 8-இலிருந்து 14. கூடியது 5, 6. வித்தியாசம் 1 மட்டுமே. சந்தேகம். ஒற்றை ஊசி மட்டும் போட்டிருந்தால் இந்த மாடு 6 மி.மீ. தடிப்போடு காசநோய் மாடு என்று முத்திரை வாங்கியிருக்கும். ஒரு குடும்பத்தின் வருமானமே அந்த ஒரு மாடாக இருக்கும்போது, இரண்டாவது ஊசியின் செலவை மிச்சப்படுத்துவது நியாயமில்லை.

சந்தேகம் என்று வந்த மாட்டை 42 நாள் கழித்துத்தான் மறுபடி சோதிக்க வேண்டும். அதற்கு முன் போட்டால், முதல் ஊசியால் மந்தமான தோல் சரியாக வீங்காது.

நோய் இருந்தும் நெகட்டிவ் வருமா?

வரும். தொற்று ஏறி 3 முதல் 6 வாரத்துக்குள் போட்டால் தோல் இன்னும் பதில் சொல்லப் பழகியிருக்காது. கன்று ஈன்ற முதல் 4 முதல் 6 வாரத்தில் பதில் மந்தமாக இருக்கும். சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நோய் உடம்பு முழுவதும் முற்றிய மாடு. எலும்பும் தோலுமாக நிற்கும், கிருமியைக் கொட்டும், ஆனால் தோலில் ஒரு புள்ளிகூடத் தடிக்காது. ஆகவே மெலிந்து இருமும் மாட்டுக்கு தோல் பரிசோதனை நெகட்டிவ் என்றால் அதோடு நிறுத்தாதீர்கள்.

கிடை மாடுகளுக்கு எப்படிச் செய்யறது?

புலிக்குளம் மாடுகளைக் கிடை போட்டு, வயல் வயலாக நகர்த்துபவர்களுக்கு 72 மணி நேரம் என்பதே பெரிய சிக்கல். ஊசி போட்ட மாடு மூன்றாம் நாள் வேறு ஊரில் நிற்கும். கிடையை நடத்தும் கீதாரியிடம் முன்கூட்டியே பேசி, குறைந்தது நான்கு நாள் ஒரே இடத்தில் கிடை இருக்கும் சமயத்தைப் பிடியுங்கள். அறுவடை முடிந்து, உரத்துக்காக ஒரே விவசாயியின் நிலத்தில் தங்கும் நாட்கள் இதற்குத் தோதானவை. ஒவ்வொரு மாட்டுக்கும் காதுவில்லை எண் இருக்க வேண்டும். ‘செவலை, கூர்கொம்பு’ என்று எழுதி வைத்தால் மூன்றாம் நாள் அதே அடையாளத்தில் ஐந்து மாடு நிற்கும்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதாதா?

எந்த ரத்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்தது. காசநோய்க் கிருமியைக் கண்டால் வெள்ளணுக்கள் வெளிவிடும் புரதத்தை அளக்கும் இன்டர்ஃபெரான் காமா பரிசோதனை நல்லது. தோல் சோதனையைவிடச் சீக்கிரமான தொற்றையும் பிடிக்கும், மாட்டை இரண்டு முறை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த ரத்தத்தில் வெள்ளணுக்கள் உயிரோடு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே அதை போவைன் பிபிடி, ஏவியன் பிபிடி, வெறும் உப்புக் கரைசல் என்று மூன்று கிண்ணங்களில் 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, பிறகு பிளாஸ்மாவில் இன்டர்ஃபெரானை எலிசா என்ற ஆய்வகச் சோதனையால் அளப்பார்கள்.

அதனால் ஹெப்பாரின் குழாயில்தான் எடுக்க வேண்டும். இடிடிஏ குழாய் ஆகாது. எடுத்தவுடன் மெதுவாகப் பல தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். ஐஸில் வைக்கவே கூடாது. குளிரில் அணுக்கள் மந்தமாகி, நோயுள்ள மாடும் நெகட்டிவ் காட்டும். 22 டிகிரியை ஒட்டி, 17-க்குக் கீழேயும் 27-க்கு மேலேயும் போகாமல் வைக்க வேண்டும். மதுரையில் அது மரத்தடி நிழலிலும் கிடைக்காது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்து, குழாய்கள் அதைத் தொடாதபடி நடுவில் காகிதம் திணித்து அனுப்புங்கள். காலையில் எடுத்து அன்றே சேர்ப்பது நல்லது. எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சென்னைக்கு அனுப்புவதென்றால் சாயங்காலம் ரத்தம் எடுத்து இரவு வண்டியில் ஏற்றுவதே வழி.

எதிர்பொருள் எலிசா வேறு. அதற்குச் சீரம் போதும், ஐஸில் போகலாம், மலிவு. ஆனால் ஆரம்ப நிலைத் தொற்றை அது தவறவிடும். முற்றிய நோயில்தான், அதாவது தோல் சோதனை கைவிடும் இடத்தில்தான், அதற்குப் பலன். தோல் ஊசி போட்டு 2 முதல் 4 வாரத்துக்குள் ரத்தம் எடுத்தால் எதிர்பொருள் கூடியிருக்கும், பிடிபடும் வாய்ப்பு அதிகம்.

பாலை அனுப்பினாத் தெரிஞ்சிடுமா?

பாலில் கிருமி வந்தால் நோய் உறுதி. வராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. தொற்றிய மாடுகளில் சிறு பங்குதான் பாலில் கிருமியை விடுகிறது, அதுவும் தினமும் விடுவதில்லை. அனுப்புவதென்றால் மடியைக் கழுவித் துடைத்து, முதல் சில பீச்சுகளைத் தனியே விட்டுவிட்டு, நான்கு காம்பிலிருந்தும் தலா 50 மி.லி. சுத்தமான பாட்டிலில் கறந்து ஐஸில் அனுப்புங்கள். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியபின் அடியில் நிற்கும் வண்டலை மட்டும் எடுத்தால் பாதியை விட்டுவிட்டீர்கள். மெழுகுத்தோல் கொண்ட இந்தக் கிருமி கொழுப்போடு மேலே ஆடையிலும் ஏறும். இரண்டையும் கலந்து பாருங்கள்.

முடிவு வரும் வரை பால் என்ன செய்வது என்றால், பொங்கி வரும் வரை காய்ச்சினால் கிருமி சாகும். 72 டிகிரியில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் என்ற பாஸ்ச்சரைஸ் அளவே போதும். கறந்த சூட்டோடு குழந்தைக்குப் பச்சைப்பால் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். சீம்பாலையும் வேகாத பதத்தில் இறக்காதீர்கள்.

மாடு செத்துப்போச்சு. எதை எடுத்து அனுப்பணும்?

முதலில் ஒரு எச்சரிக்கை. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த மாட்டை அறுக்கவே கூடாது. மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அப்படி இல்லையென்றால், மருத்துவர் என்95 முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு அறுப்பார். தேட வேண்டியது நுரையீரலை மட்டும் அல்ல, நிணநீர்க் கணுக்களை: தொண்டைக்குப் பின்னால் இருப்பவை, மூச்சுக்குழல் பிரியும் இடத்தில் இருப்பவை, இரண்டு நுரையீரலுக்கும் நடுவே நீளமாகக் கிடப்பவை, குடல் சவ்வில் இருப்பவை, மடிக்கு மேலே இருப்பவை. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் கணுவுக்குள் கடுகளவு கட்டி இருக்கலாம். மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் பாலாடைக்கட்டி போல உதிரும் பொருளும், கத்தி படும்போது மணல் நறநறவென்பதும் காசநோயின் அடையாளம். மணல் போலிருப்பது படிந்த சுண்ணாம்புச் சத்து.

ஒவ்வொரு கணுவையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி, எதுவும் ஊற்றாத சுத்தமான டப்பாவில், ஐஸில், வளர்ப்புக்கும் பிசிஆருக்கும். மறுபாதி 1 செ.மீ.-க்கு மிகாத தடிமனில், பத்து மடங்கு அளவு 10 சதவீத ஃபார்மலினில், திசுப் பரிசோதனைக்கு. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. ஃபார்மலின் பட்ட திசுவில் கிருமி வளராது, அதற்கு மேல் எங்களால் செய்ய ஏதுமில்லை. இரண்டு டப்பாவையும் தனித்தனிப் பையில் கட்டுங்கள்.

ஒரு நாளுக்கு மேல் தாமதமாகுமென்றால் முதல் பாதியை உறைய வையுங்கள். ஐஸே கிடைக்காத இடத்தில், இறுதி அளவு 0.5 சதவீதம் வருமாறு போரிக் அமிலம் சேர்த்தால் மற்ற கிருமிகள் கொஞ்சம் அடங்கும். அதுவும் ஒரு வாரம்தான்.

ஸ்லைடில் சிவப்புக் குச்சி தெரிந்தால் முடிவு சொல்லலாமா?

அமிலம் தாங்கும் கிருமி இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். போவிஸ், ஒரிஜிஸ், மண்ணில் வாழ்பவை எல்லாம் ஸ்லைடில் ஒரே மாதிரிதான் தெரியும். எதுவும் தெரியாவிட்டால் நோயில்லை என்றும் ஆகாது. 1 மி.லி.-க்கு 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். மாட்டுக் கணுவில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

கிருமிக்குச் சிவப்புச் சாயமேற்றும் சீல்-நீல்சன் முறையில் 1 சதவீத கார்பால் ஃபுக்சினை ஊற்றி, ஆவி வரும் வரை மட்டும் சூடு காட்டி, 5 நிமிடம் விடுங்கள். கொதித்தாலோ காய்ந்தாலோ படிகம் விழுந்து, அது கிருமி மாதிரியே ஏமாற்றும். கழுவி, 25 சதவீதக் கந்தக அமிலம் 2 முதல் 4 நிமிடம். மறுபடி கழுவி, 0.1 சதவீத மெத்திலீன் புளூ 30 விநாடி. நூறு மடங்கு ஆயில் லென்ஸில் 100 புலமாவது பார்க்காமல் நெகட்டிவ் எழுதாதீர்கள்.

திடீரென்று எல்லா ஸ்லைடும் பாசிட்டிவ் ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மைக்கோபாக்டீரியா வளரும். கழுவவும் சாயம் கரைக்கவும் காய்ச்சி வடித்த நீர்தான். ஆயில் சொட்டும் குச்சி ஸ்லைடைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரு மாட்டின் கிருமி அடுத்த மாட்டின் ஸ்லைடுக்குப் போகும்.

வளர்ப்புப் பரிசோதனை ஏன் இவ்வளவு நாள் ஆகுது?

கிருமி மெதுவாகப் பெருகுவதால். காலனி கண்ணுக்குத் தெரிய 3 முதல் 6 வாரம். நெகட்டிவ் என்று எழுத 8 வாரமாவது காத்திருக்க வேண்டும். இருந்தாலும் உறுதிப்படுத்த இதைவிடச் சிறந்தது இல்லை.

திசுவின் கொழுப்பை நீக்கி, அரைத்து, 2 முதல் 4 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் 10 முதல் 15 நிமிடம் வைத்து மற்ற கிருமிகளைக் கொல்கிறோம். பிறகு நடுநிலையாக்கி, 3,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, வண்டலைக் கிருமி வளரும் ஊடகத்தில் போடுகிறோம். காரத்தில் வைக்கும் அந்த 15 நிமிடத்தில்தான் வெற்றி தோல்வி. காரம் காசநோய்க் கிருமியையும் கொல்லும், போவிஸுக்கு அது இன்னும் ஆகாது. கைபேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெட்டுப்போன குழாய்கூட வருவதில்லை என்றால், அந்த ஆய்வகத்தில் காரம் அதிகமாகிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு மூன்று கெடுவதுதான் ஆரோக்கியம்.

இன்னொரு பிழை ஊடகத்தில். மனித டிபி-க்கு வாங்கி வைத்த கிளிசரால் கலந்த லோவென்ஸ்டீன்-ஜென்சன் குழாயிலேயே மாட்டு மாதிரியையும் போட்டுவிடுவது. போவிஸால் கிளிசராலைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. பைருவேட் கலந்த ஸ்டோன்பிரிங்க் ஊடகம் வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் பைருவேட் குழாய் இரண்டு, கிளிசரால் குழாய் ஒன்று என்று வையுங்கள். வளர்ப்பு வேலை முழுவதும் பயோசேஃப்டி கேபினட்டுக்குள், மூன்றாம் நிலைப் பாதுகாப்பு உள்ள ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். சாதாரண மேசையில் சென்ட்ரிஃபியூஜ் குழாயைத் திறப்பது உங்கள் நுரையீரலோடு விளையாடுவது.

பிசிஆர் ஒரே நாள்ல சொல்லிடுமே?

சொல்லும், கேள்வியைச் சரியாகக் கேட்டால். பலரும் தேடும் ஐஎஸ்6110 என்ற மரபணுத் துண்டு மனிதக் கிருமியில் பல பிரதிகள் இருக்கும், போவிஸில் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். ஐஎஸ்1081-ஐயும் சேர்த்துத் தேடினால் பிடிமானம் கூடும். இனம் பிரிக்க ஆர்டி4 என்ற பகுதியைப் பார்ப்பார்கள். போவிஸில் அது இல்லை, மனிதக் கிருமியில் இருக்கிறது. ஒரிஜிஸிலும் இருக்கிறது. அங்கேதான் கவனம் தேவை: ஆர்டி4 இருந்தவுடன் ‘மனிதரிடமிருந்து மாட்டுக்கு வந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். ஒரிஜிஸில் ஆர்டி12 இல்லை, மனிதக் கிருமியில் அது இருக்கும். அதையும் பார்த்தபிறகு எழுதுங்கள். மருத்துவமனைகளில் சளிக்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி குடும்பத்தைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது.

மதுரையில யார்கிட்ட கொடுக்கணும்?

முதலில் உங்கள் ஊர் கால்நடை மருந்தக மருத்துவரிடம். நேராக ஆய்வகத்துக்கு ஓடாதீர்கள், மாட்டின் விவரம் எழுதிய கடிதம் இல்லாமல் மாதிரிக்கு அர்த்தமில்லை. அவர் வழியாகக் கால்நடை பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவுக்கும், திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்துக்கும் போகலாம். வளர்ப்பு, மூலக்கூறு பரிசோதனைகளுக்கு சென்னை மாதவரம் பால்பண்ணையில் உள்ள கால்நடை நல ஆய்வு மையம். அனுப்புவதற்கு முன் ஃபோன் செய்து, எந்த நாளில் எந்த மாதிரியை வாங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய பார்சல் திங்கள் வரை கிடக்கும்.

பாசிட்டிவ் வந்தா மருந்து கொடுத்துக் காப்பாத்தலாமா?

கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் பதில். மாதக்கணக்கில் கொடுத்தாலும் முழுதாகக் குணமாகும் உறுதியில்லை. கிருமி மருந்துக்குப் பழகும், பாலில் மருந்து வரும், தோல் பரிசோதனை மழுங்கிப்போகும், மாடு நல்லாயிருக்கிறது என்று தோன்றிக்கொண்டே தொற்றைப் பரப்பும். மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். தீனித்தொட்டி, தண்ணீர்த்தொட்டி தனி. கன்றுக்குக் காய்ச்சி ஆறிய பால். மற்ற மாடுகள் அனைத்துக்கும் தோல் பரிசோதனை. சந்தையில் தள்ளிவிடுவது இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு நோயைக் கொடுப்பது.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கழுத்தில் கட்டி இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டும்போது ‘எங்கள் மாட்டுக்கு டிபி’ என்று மறக்காமல் சொல்லுங்கள். மனிதர்களுக்கு முதலில் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு, போவிஸ் மீது இயல்பாகவே வேலை செய்யாது. மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

புதுசா மாடு வாங்கறேன். ஒரு டெஸ்ட் போதுமா?

போதாது. விற்பவர் வீட்டிலேயே ஒரு முறை இரண்டு ஊசிப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கொண்டுவந்ததும் தொழுவத்தில் சேர்க்காமல் தனியாகக் கட்டி, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 42 நாள் எண்ணி, இரண்டாவது முறை போடுங்கள். அதிலும் நெகட்டிவ் என்றால் மற்ற மாடுகளோடு கட்டலாம்.